பாம்பனில் ஒரு மாயக்கதை: யார் சொன்னால் சுவை?

பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் பழைய மணி ஒன்று அகப்படுகிறது. அதை ஆட்டினால் கடலுக்குள் இருப்பவை பேசுவது கேட்கும். பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கான துள்ளலான நாவலுக்கு இந்த முடிச்சு போதும். ஆனால் கதையை யார் வாயில் வைப்பது?

எல்லாம் அறிந்த கதைசொல்லியை நான் உடனே தள்ளிவிடுவேன். மணி யாருடையது என்பது அவருக்கு முன்பே தெரியும்; ஊகிக்கத் துடிக்கும் வாசகருக்கு அங்கே வேலை இல்லை.

அந்தப் பெண்ணே சொல்வதில் பெரிய பலம் உண்டு. விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கிப் பாறையைத் தடவும் கையை அவளைவிட நெருக்கமாக யார் காட்ட முடியும்? ஆனால் அவள் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இல்லை. விளையாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.

பலர் மாறி மாறிச் சொல்வதுதான் இந்தக் கரைக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே தீவில் வடக்கே பாக் விரிகுடா பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். ஒரு பக்கம் அமைதியாகக் கிடக்கும் நாளில் மறுபக்கம் கொந்தளிக்கும். இங்கே ஒரே நாளுக்கு இரண்டு சாட்சியம் இருப்பது இயல்பு.

"மணியை நான்தான் கண்டெடுத்தேன்" என்பாள் பெண். அடுத்த அத்தியாயத்தில் ஆவுளியா என்னும் கடற்பசு: "மூக்கால் தள்ளி அவள் கைக்கருகில் வைத்தது நான்." கடற்புல் மேயும் அந்தப் பிராணி சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். ஆகவே அதன் பேச்சும் அடிக்கடி அறுபட வேண்டும். முக்கியமான இடத்தில் அறுபட்டால் இன்னும் நல்லது. குரல்களை வேறுபடுத்த வட்டார வழக்கை மட்டும் நம்புவதைவிட, உடம்பிலிருந்தே நடையைப் பிறப்பிக்கும் இந்த வழி மேலானது.

பாம்பன் ரயில் பாலங்களும் பேசலாம். 1914-இல் திறந்த பழையது இரு கைகளையும் விரித்துக் கப்பலுக்கு வழிவிட்டது. 2025-இல் திறந்த புதியது 72.5 மீட்டர் நீளத் துண்டை அப்படியே மேலே தூக்குகிறது. யார் வழிவிடுவது அழகு என்று இரண்டும் சண்டை போடட்டும்.

கடலுக்கு மட்டும் குரல் கொடுக்கக் கூடாது. அது பேசினால் எல்லாம் அறிந்த கதைசொல்லி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுவார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் ரயிலோடு போனவர்களையும் கதைசொல்லிகளாக்கி விளையாட எனக்கு மனம் ஒப்பாது. அந்த இரவில் பழைய பாலமும் உடைந்தது. அது ஒரே வரியில் சொல்லிவிட்டு நகரட்டும்.

இத்தனை பேர் இருந்தால் வாசகர் குழம்பமாட்டாரா? பெண், ஆவுளியா, இரு பாலங்கள் என்று நிறுத்திக்கொண்டால் குழப்பம் வராது. கடைசி அத்தியாயத்தை ஆவுளியாவுக்கே கொடுப்பேன். மணியைக் கடலில் போட்டது யார் என்பதை அது மட்டும்தான் பார்த்தது.