திரும்பி வரும் எடை: ஊசியா, எண்டோஸ்கோப்பித் தையலா, மறு அறுவையா?

உடல் எடையைக் குறைப்பதற்கான பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் எடை பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிலோ ஏறினால் பதற வேண்டியதில்லை. ஏறியது நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை. அப்போது பலரும் எடுத்த எடுப்பில் கேட்பது, "மறுபடியும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?" என்றுதான். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மாறியிருப்பது வயிறா, பசியா?

பத்து கிலோ கூடிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு முதல் வருடம் நாலு வாய்க்கே வயிறு நிரம்பிவிடும். இப்போது தட்டு காலியான பிறகும் நிறைவு வருவதில்லை. இன்னொருவருக்கு இன்றும் நாலு வாய்தான். ஆனால் சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்து உணவைக் கீழே தள்ளிவிடுகிறார். அரை மணிக்கு ஒருமுறை நொறுக்குத்தீனி டப்பாவைத் திறக்கிறார். முன்னவருக்கு இரைப்பை விரிந்திருக்கலாம். எண்டோஸ்கோப்பியும் (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) கான்ட்ராஸ்ட் எக்ஸ்ரேயும் (சாயத் திரவம் குடிக்கவைத்து எடுப்பது) அதைக் காட்டிவிடும். பின்னவருக்கு இரைப்பையை எத்தனை முறை தைத்துச் சுருக்கினாலும் பயனில்லை, நீரோடு கூழான தீனி எந்தச் சிறிய வாசலிலும் வழுக்கிப் போய்விடும். இருவருமே தாங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்துகளையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும்.

உணவு ஒழுங்கு தனிப் போட்டியாளர் இல்லை, எல்லா வழிகளுக்கும் அடித்தளம். தினமும் குறைந்தது 60 கிராம் புரதம், சாப்பாட்டோடு நீர் வேண்டாம், இரண்டு வாரம் ஒளிவுமறைவில்லாமல் உணவுக் குறிப்பு. ஐந்து நாள் திரவ உணவில் வயிற்றைப் 'பழையபடி சுருக்கும்' திட்டங்களை நம்பாதீர்கள். இறங்குவதில் பெரும்பகுதி நீர் எடைதான், விரிந்த தசை சூப் குடித்துச் சுருங்குவதில்லை.

பசி திரும்பியவர்களுக்கு இன்று வலுவான வழி பசியைக் குறைக்கும் ஊசி மருந்து. 2023இல் வெளியான 'பாரி-ஆப்டிமைஸ்' ஆய்வில், அறுவைக்குப் பின் போதிய பலன் காணாத 70 பேர் பங்கேற்றார்கள். 24 வாரம் தினமும் 3 மில்லிகிராம் லிராக்ளூடைடு போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக ஏறக்குறைய 9 சதவீத எடையை இழந்தார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள் அரை சதவீதம்தான். வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடும் டிர்செபடைடும் அதைவிட வீரியமானவை. ஆனால் நிறுத்தினால்? அறுவை செய்துகொள்ளாதவர்களிடம் நடந்த செமாக்ளூடைடு ஆய்வில், நிறுத்திய ஒரே ஆண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே இது நீண்ட காலச் செலவு. ஏற்கெனவே சிறுத்த வயிற்றில் குமட்டலும் சேர்ந்தால் முதலில் அடிபடுவது புரதம். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பையே பாதிக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

எண்டோஸ்கோப்பித் தையல் பெரும்பாலும் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் அறுவை) செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கே பொருந்தும். இரைப்பைப் பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் அகன்றிருந்தால், வாய்வழியாகவே உள்ளே போய் அதை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குத் தைத்துச் சுருக்குகிறார்கள். வயிற்றில் கீறல் இல்லை. பலன் அறுவையை விட மிதமானது, வாசல் மீண்டும் அகலவும் கூடும்.

மறு அறுவைக்கு நான் எளிதில் கைதூக்குவது ஒரே இடத்தில்: ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்கும் அறுவை) செய்தவருக்கு எடையோடு கடும் நெஞ்செரிச்சலும் இருந்தால் பைபாஸாக மாற்றுவது. இரண்டுக்கும் ஒரே தீர்வு. எடை மட்டுமே பிரச்சினை என்றால் கணக்கு கசக்கிறது. பழைய தழும்பில் உறுப்புகள் ஒட்டிக் கிடக்கும், கசிவு அபாயம் முதல் அறுவையை விட அதிகம், குறையும் எடையோ பெரும்பாலும் முதல் முறையை விடக் குறைவு. குடலை இன்னும் நீளமாகத் தாண்டவைத்தால் எடை இறங்கும், புரதமும் வைட்டமின்களும் சேர்ந்தே இறங்கும்.

எந்த வழியை யோசித்தாலும் மருத்துவரிடம் போகும்போது முதல் அறுவையின் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பைபாஸ் என்றால், குடலில் எத்தனை சென்டிமீட்டர் தாண்டவைத்தார்கள் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.