குன்னூர்ப் பக்கம் பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் என் அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் ஜீப் ஓட்டினார். பச்சை நிற வில்லிஸ் சி.ஜே. 3பி. அதன் ஹரிக்கேன் எஞ்சின் உயரமானது. அதற்கு இடம் வேண்டித்தான் பானட்டைத் தூக்கி வைத்தார்கள் என்று அப்பா சொல்வார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அப்படி ஒரு வண்டியைத் தேடி வாங்கினேன். 4,60,000 ரூபாய் கொடுத்தேன். முழுக்க ஏமாற்றப்பட்டேன்.

விற்றவர் குன்னூர்ப் பக்கம் கொட்டகை போட்டு, பழைய கார், ஜீப், லாரிகளைச் செப்பனிட்டு ஆர்வலர்களுக்கு விற்கிறார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

முதல் நாள் போனபோதே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எந்த எஸ்டேட், அப்பா வண்டியின் நிறம், பின்பலகையில் வெள்ளை எழுத்தில் எஸ்டேட்டின் பெயர் இருந்தது வரை. தேநீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது. "அண்ணா, பின்பலகையில் பெயிண்டைச் சுரண்டினோம். அடியில் ஏதோ எழுத்து தெரிகிறது. நீங்களே வந்து பாருங்கள்."

போய்ப் பார்த்தேன். பாதி அழிந்த வெள்ளை எழுத்தில் அதே எஸ்டேட்டின் பெயர். கையால் தடவிப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு நான் விலை பேசவில்லை, குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கவில்லை, அசல் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு நிற்கவில்லை. 1957 மாடல் என்று ஒரு நகலைக் காட்டினார். அசல், பெயர் மாற்றத்துக்குப் போயிருக்கிறது என்றார். அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள பரிவாகன் தளத்தில் விவரம் வரவில்லையே என்று என் மகன் கேட்டதற்கு, பழைய பதிவுகள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை என்றார். அது உண்மையும்கூட. அதனால்தான் நம்பினோம். விண்டேஜ் பதிவுக் கட்டணம் என்று 20,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம், ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுவதற்காகக் கோவைக்கு ஓட்டிப் போனேன். பர்லியாறு தாண்டி இறங்கும்போது பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஓரிடத்தில் ஆயில் கசிந்தால் நான்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக் மட்டும் தனி. அது சக்கரத்தில் இல்லாமல் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டைப் (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்) பிடிக்கும். முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க ஓடையில் சக்கரத்தை விட்டு நிறுத்தினேன். பக்கத்தில் என் மனைவி இருந்தாள்.

இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்த வண்டியை மெக்கானிக் இரண்டு நாள் பார்த்தார். தரைத்தகடு துருவில் அரித்துப்போய், மேலே பட்டி பூசி பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. துணி சுற்றிய காந்தத்தை வைத்துக் காட்டினார். பாதி இடங்களில் ஒட்டவில்லை. சேஸ் எண் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) இருக்க வேண்டிய இடம் அரைத்துத் தேய்க்கப்பட்டிருந்தது. டேஷ்போர்டில் இருந்த எண் தகடு புதியது, கையால் வெட்டியது.

இரண்டு மாதம் விரட்டிய பிறகு அசல் ஆர்.சி. கைக்கு வந்தது. தயாரிப்பு ஆண்டு 1984. எரிபொருள் டீசல். வில்லிஸ் உரிமத்தின் கீழ் மஹிந்திரா இங்கே இதே உருவத்தில் பல ஆண்டுகள் ஜீப் தயாரித்தது. அப்படி ஒரு டீசல் ஜீப்பில் வேறெங்கிருந்தோ கழற்றிய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி 1957 என்று விற்றிருக்கிறார். 2021ஆம் ஆண்டு விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. சேஸ், பாடி, எஞ்சின் மாற்றியிருக்கவும் கூடாது. அந்த 20,000 ரூபாய்க்கு என்ன கணக்கு?

பணம் போனதைவிட என்னை உறுத்துவது அந்த எழுத்து. முதல் நாள் என் மகன் கைப்பேசியில் எடுத்த படங்களை அப்புறம்தான் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் பின்பலகை பெயிண்டே இல்லாத வெறும் தகடு. புதிதாக வெட்டிப் பற்றவைத்த தடம்கூடத் தெரிகிறது. பெயிண்டே இல்லாத தகட்டில் எதைச் சுரண்டினார்? நான் சொன்ன பெயரை எழுதி, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கி, என் அப்பாவின் நினைவையே எனக்கு விலைக்கு விற்றிருக்கிறார். கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார்.

காவல் நிலையத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

அதே கொட்டகையில் இப்போது ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். அசல் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே படியுங்கள். அது முடியும்வரை உங்கள் வீட்டில் யார் எந்த வண்டி வைத்திருந்தார்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள்.