டிஸ்சார்ஜை உயர்த்த எந்த வழி: ரிவ்யூ போர்டா, ஆவணத் திருத்த போர்டா, விஏ-வா?

அமெரிக்கப் படையிலிருந்து ஒழுங்கீனம் என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்டவரின் பிற்கால வாழ்க்கையை ஒரே ஒரு தாள் துரத்துகிறது. டிடி-214 என்ற விடுவிப்புச் சான்றிதழ்தான் அது. அதன் 24-ஆம் கட்டத்தில் சேவையின் தரம் எழுதியிருக்கும். 28-ஆம் கட்டத்தில் அனுப்பியதற்கான காரணம், பெரும்பாலும் 'மிஸ்காண்டக்ட்' (ஒழுங்கீனம்) என்ற ஒற்றைச் சொல். ஆறு மாதம் போனால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று முகாமை விட்டுக் கிளம்பும் நாளில் பலரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. விண்ணப்பித்தால் ஒழிய ஒரு எழுத்தும் மாறாது. இந்த வதந்தியை நம்பிக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

தட்டக்கூடிய கதவுகள் மூன்று. டிஆர்பி என்கிற டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு ஒன்று. பிசிஎம்ஆர் என்கிற படை ஆவணத் திருத்த போர்டு இன்னொன்று. கடற்படைக்கும் மரைன் படைக்கும் அதன் பெயர் பிசிஎன்ஆர். மூன்றாவது விஏ, அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறை. எந்தப் படிவம் சுலபம் என்று பார்த்துக் கதவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கதவு அதிலிருந்து தானாகத் தெரியும்.

படிப்புச் செலவுக்கு உதவும் ஜிஐ பில் சலுகை வேண்டுமென்றால் முழு 'ஆனரபிள்' தரம் கட்டாயம். ஒரு படி கீழே உள்ள 'ஜெனரல்' தரத்துக்கு மருத்துவம், ஊனத் தொகை, வீட்டுக்கடன் உத்தரவாதம் எல்லாம் உண்டு, ஜிஐ பில் மட்டும் கிடையாது. ஜெனரல் வாங்கியவர்களில் பலருக்கு இது கல்லூரியில் சேரப் போகும்போதுதான் தெரிகிறது. அதற்கும் கீழே 'அதர் தேன் ஆனரபிள்', சுருக்கமாக ஓடிஎச். ராணுவ நீதிமன்ற விசாரணை இல்லாமல், நிர்வாக உத்தரவால் கொடுக்கப்படும் தரங்களில் இதுதான் மோசமானது. 'பேட் காண்டக்ட்', 'டிஸ்ஆனரபிள்' இரண்டும் ராணுவ நீதிமன்றத் தண்டனையாக மட்டுமே வரும்.

சிகிச்சையும் ஊனத் தொகையும்தான் உடனடித் தேவை என்றால், தாளை மாற்றாமலே விஏ வழியில் போகலாம். வேலைக்காகவோ, மானத்துக்காகவோ, ஜிஐ பில்லுக்காகவோ தாளே மாற வேண்டும் என்றால் போர்டுகள்தான் வழி.

டிஆர்பி-யும் பிசிஎம்ஆர்-உம்: எங்கே வேறுபடுகின்றன

டிஆர்பி-க்கு டிடி ஃபார்ம் 293. விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். இந்தக் கெடுவுக்கு விலக்கே கிடையாது. 2011 மார்ச் 10-இல் வெளியே வந்தவரின் விண்ணப்பம் 2026 மார்ச் 10-க்குள் போர்டின் கையில் இருக்க வேண்டும். இந்த போர்டு பார்ப்பது இரண்டே கேள்வி: விடுவித்தபோது விதிமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா, கொடுத்த தரம் நியாயமானதா. தரத்தையும் காரணத்தையும் மாற்ற அதற்கு அதிகாரம் உண்டு. சம்பள பாக்கி, மீண்டும் வேலை, மருத்துவக் காரணத்தால் தரும் பணி ஓய்வு இவையெல்லாம் அதன் எல்லைக்கு அப்பால். ஜெனரல் கோர்ட் மார்ஷல் (கடுமையான குற்றங்களை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றம்) கொடுத்த விடுவிப்பைத் தொடவும் அதற்கு உரிமையில்லை. அதற்கு ஒரு படி கீழே உள்ள ஸ்பெஷல் கோர்ட் மார்ஷல் கொடுத்த பேட் காண்டக்ட் என்றால் கருணை அடிப்படையில் மட்டும் பார்க்கும்.

பிசிஎம்ஆர்-க்கு டிடி ஃபார்ம் 149. உறுப்பினர்கள் அரசுப் பணியில் உள்ள சிவிலியன்கள். கெடு, தவறோ அநீதியோ தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு. இதைப் படித்துப் பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் உண்டு, பயப்படத் தேவையில்லை. நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தும் அதிகாரத்தைச் சட்டமே போர்டுக்குக் கொடுத்திருக்கிறது. படிவத்தில் அதற்கென்று இடம் இருக்கிறது. அதை வெற்றாக விடுவதுதான் தவறு. நோய் எந்த ஆண்டில் கண்டறியப்பட்டது, ஆவணம் எப்போது கைக்கு வந்தது, விண்ணப்பிக்கலாம் என்று எப்போது தெரியவந்தது என்று தேதியோடு நாலு வரி எழுதுங்கள். ஆவணத்தில் உள்ள எந்தத் தவறையும் திருத்த இந்த போர்டால் முடியும். மருத்துவ ஓய்வு, பதவி, சம்பளம் எல்லாம் அதில் அடக்கம்.

அப்படியானால் நேராக இங்கேயே போய்விடலாமே என்று தோன்றும். முடியாது. 15 ஆண்டு முடியாதவர் டிஆர்பி-யைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். முன்கூட்டியே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு குறையும் உண்டு. டிஆர்பி-யில் நேரில் பேசுவது விண்ணப்பதாரரின் உரிமை. பிசிஎம்ஆர்-இல் அது போர்டின் விருப்பம், மிக அரிதாகத்தான் கொடுக்கிறார்கள். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது காகிதம் மட்டும்தான்.

பலரும் கவனிக்காத ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. தொடர்ந்து 180 நாள் அல்லது அதற்கு மேல் அனுமதியின்றி முகாமை விட்டுப் போயிருந்து, அதற்காக ஓடிஎச் வாங்கியவருக்கு விஏ சலுகைகளைச் சட்டமே தடுக்கிறது. இவர் டிஆர்பி-யில் வென்று ஜெனரலோ ஆனரபிளோ வாங்கினாலும் அந்தச் சட்டத் தடை அப்படியே நிற்கும். டிஆர்பி-யின் உயர்வு, விஏ தன் விதிமுறையால் போட்ட தடைகளைத்தான் நீக்கும். நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதிய தடையை நீக்காது. பிசிஎம்ஆர் கொடுக்கும் உயர்வோ விஏ-வைக் கட்டுப்படுத்தும், இரண்டு வகைத் தடையும் விழும். ஆகவே நீண்டகாலம் விட்டுப்போன வழக்கில் டிஆர்பி வெற்றியோடு நின்றுவிடக் கூடாது. புதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் இன்னும் மறுக்கிறார்கள் என்று புரியாமல் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

ஆவணப் பரிசீலனையா, ஹியரிங்கா

டிஆர்பி-க்குள்ளேயே இரண்டு வழி. காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வது ஒன்று, நீங்கள் ஆஜராகும் ஹியரிங் இன்னொன்று. முதலில் ஆவணப் பரிசீலனை கேட்டுத் தோற்றால், 15 ஆண்டு முடியவில்லை என்றால் பிறகு ஹியரிங் கேட்கலாம். முதலிலேயே ஹியரிங் கேட்டுத் தோற்றால் ஆவணப் பரிசீலனைக்குத் திரும்ப முடியாது. ஆகவே கெடுவுக்கு மூன்று நான்கு ஆண்டு இருந்தால் ஆவணத்தில் தொடங்குங்கள். தோற்றாலும் போர்டு எதை நம்பவில்லை என்பது முடிவுக் கடிதத்தில் எழுத்தில் கிடைக்கும், ஹியரிங்கில் அந்த இடத்தை அடைக்கலாம். கெடு நெருங்கிவிட்டால் யோசிக்காமல் ஹியரிங் கேளுங்கள், ஏனென்றால் முதல் முடிவு வருவதற்குள் 15 ஆண்டு ஓடிவிடும். நாள் குறித்த பிறகு தகுந்த காரணமின்றி ஆஜராகாமல் போனால் அந்த உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதை வைத்து வாதாடுவது

எந்த போர்டாக இருந்தாலும் தராசு அரசின் பக்கம் சாய்ந்துதான் தொடங்குகிறது. அதிகாரிகள் முறைப்படிதான் நடந்திருப்பார்கள் என்பது போர்டின் முன்முடிவு, அதை உடைப்பது உங்கள் வேலை. அதனால் முதல் வேலை ஆவணம். எஸ்எஃப்-180 படிவத்தாலோ ஆன்லைனிலோ செயிண்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். டிடி-214 மட்டும் போதாது; விடுவிப்பு நடவடிக்கைக் கோப்பும் மருத்துவக் கோப்பும் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். 1973 ஜூலை 12 தீ விபத்தில் அந்த மையத்தில் பழைய தரைப்படை, விமானப்படைக் கோப்புகள் ஏராளமாக எரிந்துபோயின. 1960-க்கு முன் தரைப்படையை விட்டு வந்தவர் கோப்பு கிடைக்காமல் போகலாம் என்று எதிர்பார்த்து, மாற்று ஆதாரம் தேட வேண்டும்.

அண்மைக் காலத்தில் பெரிதாக மாறியது மனநலம் தொடர்பான வழக்குகள்தான். 2014-இல் பாதுகாப்புச் செயலர் ஹேகல் வெளியிட்ட குறிப்பாணை, பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் உள்ளவர்களின் விண்ணப்பத்தைத் தாராளமாகப் பரிசீலிக்கச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 25-இல் பாதுகாப்புத் துறை அதிகாரி கர்ட்டா வெளியிட்ட குறிப்பாணை அதை மூளைக் காயம், பாலியல் வன்முறை, பாலியல் துன்புறுத்தல் வரை விரித்து, போர்டு கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை வரிசைப்படுத்தியது. நோயோ அனுபவமோ இருந்ததா? அது பணியில் இருந்தபோது நேர்ந்ததா? அது அந்தத் தவறை உண்மையிலேயே விளக்குகிறதா? தவறின் கனத்தை அது மிஞ்சுகிறதா?

முதல் இரண்டு கேள்வியில் தோற்பவர் குறைவு. விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலமே அவற்றுக்குச் சான்றாகலாம் என்று குறிப்பாணையே சொல்கிறது. வழக்குகள் கவிழ்வது மூன்றாவது கேள்வியில். மருத்துவரிடமிருந்து 'இவருக்கு பிடிஎஸ்டி இருக்கிறது' என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். போர்டுக்கு வேண்டியது அந்த நோய்க்கும் அந்தக் குறிப்பிட்ட தவறுக்கும் இடையிலான தொடர்பு. ஒருவர் 2008-இல் ஈராக்கிலிருந்து திரும்பினார், அதுவரை அவர் கோப்பு சுத்தம். நான்கு மாதம் கழித்துத் தூக்கமின்மை என்று முகாம் மருத்துவரிடம் போன பதிவு இருக்கிறது. ஆறாம் மாதம் சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கடிதம் இந்த மூன்று தேதியையும் பெயர் சொல்லி, தூக்கத்துக்காகத் தானே மருந்து தேடிக்கொண்ட நடத்தை இது என்று எழுத வேண்டும். தானே மருந்து தேடிக்கொள்வதைக் கருத்தில் எடுக்கலாம் என்று கர்ட்டா குறிப்பாணையில் வெளிப்படையாக உண்டு. முன்கூட்டித் திட்டமிட்ட தவறை மனநோய் பொதுவாக மன்னிக்காது என்பதும் அதே குறிப்பாணையில் உண்டு. சம்பளப் படியில் மாதக்கணக்கில் பொய்க் கணக்குக் காட்டியவர் இதே வாதத்தை வைத்தால் எடுபடுவது கடினம்.

நோய் எதுவும் இல்லை, இளம் வயதில் செய்த தவறு, பிறகு நேர்மையாக வாழ்ந்தேன் என்பவருக்கு 2018 ஜூலை 25-இல் பாதுகாப்புத் துறை அதிகாரி வில்கி வெளியிட்ட குறிப்பாணை உதவும். காலம் எவ்வளவு கடந்தது, பிறகு நடத்தை எப்படி, தவறை ஒப்புக்கொள்கிறாரா, இன்று அதே தவறுக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது அது. வன்முறை இல்லாத தவறுகளுக்கே அதிக இடம் தருகிறது. இங்கே பரிந்துரைக் கடிதத்தின் எண்ணிக்கையைவிட உள்ளடக்கம் முக்கியம். 'நல்ல மனிதர்' என்று சொல்லும் பத்துக் கடிதத்தைவிட, என்ன தவறு நடந்தது என்று தெரிந்தே எழுதும் முதலாளியின் ஒரு கடிதம் கனமானது.

விஏ வழி

படையின் தீர்ப்பை விஏ அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஓடிஎச் உள்ளவர் ஊனத் தொகைக்கு 21-526இஇசட் படிவத்தில் விண்ணப்பித்தால், அவரது சேவையின் தன்மையை விஏ தானே மதிப்பிட வேண்டும். ஓடிஎச் என்றதும் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பினால் அது தவறு. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, முடிவையும் எழுத்தில் கேளுங்கள். 2024 ஜூன் 25 முதல் விதி தளர்ந்திருக்கிறது. மனநலம், போர்க்கள நெருக்கடி, பாலியல் வன்முறை, குடும்பக் கடமை போன்ற வலுவான சூழ்நிலைகளைச் சில வகைத் தவறுகளில் கணக்கில் எடுக்கிறார்கள். 180 நாள் விட்டுப்போன வழக்கும் அதில் சேரும். முன்பு மறுக்கப்பட்டவரும் மறுபடி கேட்கலாம்.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: தாள் மாறாது. ஜிஐ பில்லும் வராது. நிறை என்னவென்றால், போர்டு வழியோடு சேர்த்தே இதை நடத்தலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொல்லும் 21-0966 என்ற உத்தேச அறிவிப்பை முதலில் போட்டுவிட்டால், தொகை கணக்கிடத் தொடங்கும் தேதி ஓராண்டுக்குப் பாதுகாக்கப்படும். ஓடிஎச் உள்ளவர்களில் போர்ப் பணி பார்த்தவர்களுக்கும் பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் மனநலச் சிகிச்சை கொடுக்க விஏ-வுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். அங்கே டிஸ்சார்ஜ் தரம் கேட்க மாட்டார்கள்.

படைச் சேவை வழியாகக் குடியுரிமை வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2008-இல் தொடங்கிய மாவ்னி திட்டம் மொழித்திறன் உள்ள வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்டது; அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஐந்தாண்டு நற்சேவை முடிவதற்குள் ஓடிஎச் அல்லது அதைவிட மோசமான தரத்தில் வெளியேற்றப்பட்டால், அப்படி வந்த குடியுரிமையைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இவர்கள் விஏ முடிவோடு திருப்தி அடையக் கூடாது. தாளையே மாற்ற வேண்டும், அதுவும் குடியேற்ற வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மறுத்துவிட்டால்

பிசிஎம்ஆர் மறுத்த பிறகும் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்குக் கெடு இல்லை. 2019 டிசம்பர் 20 அல்லது அதற்குப் பின் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீட்டு போர்டு ஒன்று இருக்கிறது. டிடி ஃபார்ம் 3168, பிசிஎம்ஆர் முடிவு வந்து 365 நாளுக்குள். அங்கே புதிய ஆதாரம் ஏற்கப்படாது. ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தைய போர்டிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே ஃபெடரல் நீதிமன்றம், பொதுவாக ஆறாண்டுக் கெடு. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டாம். போர்டுக் கட்டத்திலேயே கட்டணமின்றி வாதாடும் வீரர் அமைப்புகளும் சட்டக் கல்லூரி கிளினிக்குகளும் இருக்கின்றன. முதல் விண்ணப்பத்துக்கு முன்பே அவர்களிடம் போவது நல்லது.

வென்றவர்கள் புதிய டிடி-214 வந்ததும் 24-ஐ மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல் 28 வரை படியுங்கள். 24-இல் ஆனரபிள் என்று மாறி, 28-இல் 'மிஸ்காண்டக்ட்' அப்படியே நின்றால், அதைப் பார்க்கும் முதலாளிக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதனால் விண்ணப்பத்திலேயே தரம், காரணம், விடுவிப்புக் குறியீடு, மறுசேர்க்கைக் குறியீடு நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். காரணத்துக்குப் பதிலாக 'செக்ரடேரியல் அத்தாரிட்டி' (துறைச் செயலரின் அதிகாரம்) என்று போடச் சொல்வது வழக்கம். மறுசேர்க்கைக் குறியீட்டை மாற்றக் கடற்படை டிஆர்பி-க்கு அதிகாரமில்லை, அதற்கு பிசிஎன்ஆர்தான். இதே தாளில் மெம்பர்-1 என்ற சுருக்கப் பிரதியும் உண்டு. அதில் 23 முதல் 30 வரையிலான கட்டங்களே இருக்காது. விஏ-வுக்கு முழு விவரம் உள்ள மெம்பர்-4 பிரதியைக் கொடுங்கள். நீங்கள் படையில் இருந்த காலத்தை உறுதி செய்ய மட்டும் முதலாளி கேட்டால் மெம்பர்-1 போதும்.