சிறிமாவோவின் மிளகாயும் கோட்டாபயவின் பசளையும்

2014 நவம்பரில் அமைச்சர் மைத்திரிபால, சனாதிபதி மகிந்தவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாளே எதிரணிக்குப் போனதை நாடே பேசியது. இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் ஒரு தலைவரின் பெயர் நிலைப்பது அவருடைய கோப்பையால் அல்ல, எங்கள் கோப்பையால்.

1970களில் பிரதமர் சிறிமாவோவின் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தெற்கில் பாணுக்கு நீண்ட வரிசை; 1977 தேர்தலில் அவருடைய கட்சி படுதோல்வி அடைந்தது. இங்கே விசுவமடுப் பக்கம் செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடுகள் எழும்பின. பல்கலைக்கழக அனுமதியில் அவர் அரசு கொண்டுவந்த தரப்படுத்தலை இன்றுவரை மன்னிக்காத பெரியவர்கள்கூட, தோட்டக்காரன் நிமிர்ந்தது அந்த அம்மாவின் காலத்தில்தான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சனாதிபதியாக இருந்த கோட்டாபய 2021இல் போட்டதும் இறக்குமதித் தடைதான். ஆனால் அது இரசாயனப் பசளைக்கு. முந்தைய தடை விளைச்சலுக்கு விலை தந்தது, இது விளைச்சலிலேயே கைவைத்தது. அவர் மாறச் சொன்ன சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், நல்லதுதான். அதற்கு மண்ணைப் பழக்கச் சில வருடங்களாவது வேண்டாமா? நவம்பரில் தடையைத் தளர்த்தியும் யூரியா கைக்கு வரவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓட, மாரிகாலத்துக் காலபோக நெல் இலை நுனியிலிருந்து மஞ்சளித்தது. கதிரை உருவினால் உள்ளங்கையில் பாதி மணியில்லாச் சப்பி.