காசு போடாமல் போக்கர் பழக போக்கர் டி.எச். எப்படி?

போக்கர் டி.எச். (PokerTH) என்பது டெக்சாஸ் ஹோல்டம் ஆடுவதற்கான இலவச மென்பொருள். கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு என்று ஆடும் போக்கர் வகை அது. விளம்பரம் கிடையாது, காசு கட்டும் பட்டனும் கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும், பூஜ்யத்திலிருந்து ஒரு பேங்க்ரோல் (ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய கையிருப்பு) கட்டிக் காப்பாற்றும் பழக்கமும் வர வேண்டும், ஆனால் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. இறக்கிய கையோடு அப்படியே ஆடினால் நல்லதைவிடக் கெட்ட பழக்கம்தான் அதிகம் ஒட்டும். செட்டிங்கில் சில இடங்களை மாற்றியாக வேண்டும், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தாக வேண்டும்.

"காசு ஆட்டத்தில்தானே நிஜமான அனுபவம் கிடைக்கும்?" என்று ஓசூரில் ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வரும் பையன்களிலிருந்து தர்மபுரியில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் வரை கேட்கிறார்கள். அந்தக் கதவு மூடியாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கு முன்பும் சின்ன பேங்க்ரோல்காரர்களுக்குக் கணக்கு கட்டுபடியாகவில்லை. 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணத்தின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய் போட்டால் வரி போக மேஜைக்கு வருவது 78 ரூபாய். ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் டி.டி.எஸ். இது தவிர மேஜைக் கமிஷன். 200, 300 ரூபாயை வைத்துக்கொண்டு இத்தனையையும் தாண்டி மேலே வருவது நல்ல ஆட்டக்காரருக்கே பெரும்பாடு.

இப்போது டெலிகிராம் குரூப்பில் வெளிநாட்டு ஆப் என்று சொல்லி யாரோ ஒருவரின் யு.பி.ஐ. நம்பருக்குப் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த நம்பர் ஏதாவது மோசடிப் புகாரில் சிக்கியிருந்தால் உங்கள் வங்கிக் கணக்கும் சேர்ந்து முடங்கும் அபாயம் உண்டு. சம்பளம் வரும் கணக்கு முடங்கினால் வீட்டு வாடகையே நின்றுவிடும். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் மென்பொருள் பட்டியலில் தேடினாலே கிடைக்கும். வேகமான மெஷின் எதுவும் தேவையில்லை, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் போதும். ஒருமுறை இறக்கிவிட்டால் பென்னாகரம் மலைப்பக்கம் சிக்னல் இல்லாத ஊரில் உட்கார்ந்தும் ஆடலாம். அதிகாரப்பூர்வ தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள்.

லோக்கல் கேம் தொடங்கும்போது கேட்கும் விவரங்களை இப்படி வையுங்கள். ஆட்டக்காரர்கள் 10. தொடக்க சிப் 5,000. முதல் ஸ்மால் பிளைண்ட் 25. பிளைண்ட் என்பது ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய சிப், சின்னது ஸ்மால், அதன் இரட்டிப்பு பிக். அப்போது பிக் பிளைண்ட் 50, அதாவது கையில் 100 பிக் பிளைண்ட் இருக்கும். பிளைண்டை 10 கைக்கு (சீட்டு போட்டு முடியும் ஒரு சுற்று ஒரு கை) ஒருமுறை ஏற்றச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கை முடிந்ததும் நிற்கும்படி செய்யுங்கள். இந்த நிறுத்தம் ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் தோற்ற கையை யோசிப்பதற்குள் அடுத்த சீட்டு விழுந்துவிடும்.

இது டோர்னமென்ட் பாணியில் ஓடும் மென்பொருள். கேஷ் டேபிள் (பிளைண்ட் ஏறாத, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய மேஜை) என்று தனியாக இல்லை. ஆனால் பிளைண்ட் ஏறும் வரிசையைக் கையால் எழுதும் வசதி இருக்கிறது. அதில் ஒரே ஒரு அளவைக் கொடுத்து, அதன்பின் கடைசி பிளைண்டிலேயே நிற்கட்டும் என்று தேர்ந்தெடுத்தால் பிளைண்ட் பெரிதாக ஏறாது. ஆழமான சிப்போடு நிதானமாக ஆடிப் பழக இதுதான் வழி. தொடக்க ஆட்கள் முதலில் இதில் பழகிவிட்டு, பிளைண்ட் ஏறும் ஆட்டத்துக்கு அப்புறம் வருவது நல்லது.

நம்ம ஊர்ப்பக்கம் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம், எந்தக் கை எதைவிடப் பெரிது என்கிற வரிசை. மூணு சீட்டில் சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண்கள்), கலரை (எல்லாம் ஒரே சின்னம்) அடிக்கும். போக்கரில் கலர்தான் பெரிது, சீக்வென்ஸ் அதற்குக் கீழே. காரணம் வெறும் எண்ணிக்கை. மூன்று சீட்டில் கலர் 1,096 விதமாக வரும், சீக்வென்ஸ் 720 விதம்தான், அதனால் அது அரிது. ஐந்து சீட்டில் கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இது மனதில் பதியாமல் சீக்வென்ஸை வைத்துக்கொண்டு ஆல்-இன் (இருக்கும் சிப் எல்லாவற்றையும் கட்டுவது) போய் மொத்தத்தையும் விடுகிறவர்கள் நிறைய.

இந்த மென்பொருளில் மிகவும் பயனுள்ளதும், சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் மிகவும் ஆபத்தானதும் 'சான்ஸ்' என்கிற பகுதி. உங்கள் கை கடைசியில் என்னவாகும் என்பதைச் சதவீதமாகக் காட்டும். உங்கள் கையில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8. ஃபிளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் 4, க்ளாவர் 2. கலருக்கு இன்னும் ஒரு ஆர்ட்டின் வேண்டும், மிச்சம் 9 இருக்கிறது. திரையில் கலருக்கு 35 சதவீதம் தெரியும். பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை, 300 சிப். எதிராளி 300 கட்டுகிறார். நீங்கள் 300 போட்டால் மொத்தம் 900, ஆக 33 சதவீத வாய்ப்பு இருந்தால் கால் பண்ணலாம் (அவர் கட்டிய அளவையே நீங்களும் போடுவது). "35 இருக்கிறதே, போடு" என்று கை தானாகப் போகும்.

அங்கேதான் தப்பு நடக்கிறது. 35 என்பது இன்னும் வரவேண்டிய இரண்டு சீட்டுக்கும் சேர்த்து. நீங்கள் இப்போது காசு கொடுப்பது டர்ன் என்னும் நான்காவது பொதுச் சீட்டைப் பார்க்க மட்டும்தான். அதற்கான வாய்ப்பு 47இல் 9, அதாவது 19 சதவீதம். டர்னில் ஆர்ட்டின் விழாவிட்டால் எதிராளி மறுபடி கட்டுவார், நீங்கள் மறுபடி கொடுக்க வேண்டும். ஆகவே இது ஃபோல்ட், கையைப் போட்டுவிட்டு விலக வேண்டியதுதான். கலர் விழுந்தபின் அவரிடமிருந்து இன்னும் நிறைய வாங்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம். பாட் அதே 300 இருக்க, அவர் 75 மட்டும் கட்டினால் கணக்கே வேறு. 75 போட்டு மொத்தம் 450, தேவை 17 சதவீதம், உங்களிடம் இருப்பது 19. கால் பண்ணுங்கள். அவர் கட்டிய 300 அவரது கடைசி சிப்பாக இருந்தால் அதன்பின் செலவு இல்லை, இரண்டு சீட்டையும் இலவசமாகப் பார்ப்பீர்கள். அப்போது திரையில் தெரியும் 35தான் சரியான எண், கால் சரி. இந்த மூன்று நிலைமையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மனக்கணக்குக்குச் சுருக்கு வழி: ஒரு சீட்டு வரவேண்டுமானால் உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டானால் நான்கால். தினமும் முதலில் மனதில் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள். எதிராளி கையில் என்ன இருக்கலாம் என்பதை 'சான்ஸ்' சொல்லாது, அதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும்.

கணினி ஆட்டக்காரர்கள் இதன் பலவீனம். சுமாரான கையோடு கால் பண்ணிக்கொண்டே வருவார்கள், சில நேரம் காரணமே இல்லாமல் ஏற்றுவார்கள். அதனால் பிளஃப் (வெறும் கையை நல்ல கைபோலக் காட்டிக் கட்டுவது) பழக இது இடமில்லை. வெறும் கையை வைத்து மூன்று முறை கட்டினால் மூன்று முறையும் கொடுத்துவிட்டுத்தான் வருவீர்கள். நல்ல கை வந்தால் பதுங்காமல் ஃபிளாப், டர்ன், ரிவர் (ஐந்தாவது பொதுச் சீட்டு) மூன்றிலும் கட்டுவதற்கு இவர்களிடம் நன்றாகப் பழகலாம். சின்ன அளவில் மனிதர்கள் ஆடும் மேஜையிலும் பெரும்பாலான லாபம் இப்படித்தான் வரும் என்பதால் இது வீண் பயிற்சி இல்லை. சிப் 10 பிக் பிளைண்டுக்குக் கீழே இறங்கினால் சும்மா கால் பண்ணுவதை விட்டுவிடுங்கள். ஆல்-இன் அல்லது ஃபோல்ட்.

அடுத்து நோட்டு. மென்பொருள் உங்கள் பேங்க்ரோலைக் கணக்கு வைக்காது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக 5,000 சிப் தந்துவிடும். விதையே போடாமல் விளைச்சல் வருவதால் ஆட்டம் அசட்டையாகிவிடுகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் 2006இல் இலவச டோர்னமென்ட்டில் தொடங்கி, பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். அவர் வைத்துக்கொண்ட விதி: மொத்தக் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு கேஷ் மேஜைக்கோ ஒற்றை மேஜை ஆட்டத்துக்கோ கொண்டுபோகக் கூடாது, பெரிய டோர்னமென்ட் என்றால் 2 சதவீதம்தான். அந்த விதியைக் காசில்லாமல் நோட்டிலேயே நடத்தலாம்.

முதல் பக்கத்தில் 0 என்று எழுதுங்கள். பத்துப் பேர் ஆட்டத்தில் முதலிடம் வந்தால் மட்டும் 2 புள்ளி, மற்ற இடங்களுக்கு ஒன்றும் இல்லை. 20 புள்ளி சேரும்வரை இதுதான் உங்கள் இலவச டோர்னமென்ட். எரிச்சலாக இருக்கும், அந்தப் பொறுமைதான் இங்கே பயிற்சி. 20 வந்ததும் நுழைவு 1 புள்ளி, சரியாக 5 சதவீதம். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 2. கையிருப்பு 40 ஆனால் 2 புள்ளி மேஜைக்குப் போகலாம், பரிசும் இரண்டு மடங்கு. 40க்குக் கீழே வந்தால் அன்றைக்கே 1 புள்ளி மேஜைக்கு இறங்கிவிட வேண்டும், 20க்குக் கீழே போனால் மறுபடி இலவச மேஜை. இறங்குவதற்கு மனசு வராமல் "இன்னும் ஒரே ஆட்டம்" என்று மேலேயே நிற்பதால்தான் உலகம் முழுக்க பேங்க்ரோல்கள் காலியாகின்றன.

நோட்டில் தேதி, நுழைவு, வந்த இடம், கையிருப்பு என்று நான்கு கட்டம் போதும். ஐந்து ஆட்டம் வரிசையாகப் பரிசில்லாமல் போனால் பயப்பட வேண்டாம். பத்துப் பேரில் மூவருக்குப் பரிசு என்றால், சராசரி ஆட்டக்காரருக்கு அப்படி நடக்கும் வாய்ப்பே 17 சதவீதம். நூறு ஆட்டமாவது எழுதிய பிறகுதான் நீங்கள் முன்னேறுகிறீர்களா என்று ஓரளவு தெரியும். இங்கே கமிஷன் பிடிப்பதில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். நோட்டில் வரும் லாபத்தைக் காசு மேஜைக்கு ஈடாக எண்ணக் கூடாது.

ஆடிய கைகளை லாக்காகச் சேமித்து வைப்பது இன்னொரு நல்ல வசதி. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். பாட் பெரிதாகப் போன மூன்று கைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாட் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, தேவைப்பட்ட சதவீதம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். தோற்ற கை எல்லாம் தப்பான கை இல்லை, ஜெயித்த கை எல்லாம் சரியான கையும் இல்லை என்பது இதில்தான் பிடிபடும்.

நெட்டில் மற்றவர்களோடு ஆடும் வசதியும் உண்டு, அதுவும் காசில்லாமல்தான். சாதாரண மேஜையில் முதல் கையிலேயே ஆல்-இன் போடுபவர்கள் வருவார்கள், அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ரேங்கிங் ஆட்டத்தில் இடத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் கொஞ்சம் பொறுப்பாக ஆடுகிறார்கள். நோட்டில் 40 புள்ளியைத் தொட்டு, அங்கேயே நிலைத்து நிற்கும்போது அந்த மேஜைக்குப் போங்கள்.