சிஎஃப்ஏ லெவல் 1 மெட்டீரியல்: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ரெண்டு பசங்க மாத்தி மாத்தி "அக்கா, சிஎஃப்ஏ-க்கு எந்த மெட்டீரியல் வாங்கட்டும்"னு கேட்டுட்டே இருக்காங்க, வாய்ஸ் நோட் போட்டு போட்டு தொண்டை வத்திருச்சு, அதான் எழுதியே வெச்சிடலாம்னு. சிஎஃப்ஏ-ன்னா முதலீட்டு ஃபைனான்ஸ் துறைக்கான சர்வதேச பரீட்சை, அதோட முதல் கட்டம்தான் லெவல் 1. போன நவம்பர்ல அத பாஸ் பண்ணேன், ரெண்டாவது அட்டெம்ப்ட்ல. முதல் தடவை ஊத்திக்கிச்சு, அதுக்கு பாதி காரணம் நான் வாங்குன மெட்டீரியல், மீதி பாதி நான்.

முதல்ல செகண்ட்ஹேண்ட் செட். முன்னாடி எழுதுன ஒருத்தர்கிட்ட பரீட்சைக்கு தயார் பண்ற ஒரு ப்ரெப் கம்பெனியோட நோட்ஸ பாதி விலைக்கு வாங்குனேன். பக்கத்துக்கு பக்கம் மஞ்ச ஹைலைட்டர், படிக்கிற வேலையும் பாதி குறைஞ்சுதுன்னு சந்தோஷம் வேற. பாத்தா 2023 எடிஷன். 2024-ல சிலபஸ நல்லாவே மாத்திட்டாங்க, அடிப்படை விஷயம் கொஞ்சத்த 'இதெல்லாம் தெரிஞ்சுட்டு வந்துரு'ன்னு ப்ரீரெக்விசிட்டா தள்ளிட்டாங்க, எத்திக்ஸ்ல (தொழில் நெறி பாடம்) 22 ஸ்டாண்டர்டு, அதாவது நடத்தை விதி, இருந்தது 23 ஆயிடுச்சு, முதல் தலைப்புக்கு கீழ காம்பிடென்ஸ்னு (தொழில் திறமை) அஞ்சாவதா ஒண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. என் புக்ல அது இல்லவே இல்ல. நான் பாட்டுக்கு 22-ஐயும் பஸ்ல போறப்ப வரப்ப ஒப்பிச்சுட்டு இருந்தேன். எத்திக்ஸ் மட்டும் 15-ல இருந்து 20 சதவீதம், பத்து சப்ஜெக்ட்ல அதுக்குத்தான் அதிக வெயிட்டேஜ், அதுல போயி பழைய புக்க நம்புனது என் தப்புதான். டெலிகிராம்ல சுத்துற பிடிஎஃப்-உம் இதே கதைதான், ஃபைல் பேர்ல வருஷத்த மட்டும் மாத்தி போட்டிருப்பானுங்க, உள்ள பழசு. திருட்டு பிடிஎஃப் வெச்சு எத்திக்ஸ் படிக்கிறதே ஒரு காமெடி, அத விடுங்க.

அடுத்தது வீக்எண்ட் கிளாஸ். பேர் வேணாம். ஃபீஸ் கட்டுறப்ப 'இருநூறு மணி நேர வீடியோ'ன்னு சொன்னதும் ஆஹா எவ்ளோ தராங்கன்னு வாய பொளந்தேன். வீட்டுக்கு வந்து கணக்கு போட்டப்பதான் உறைச்சுது. சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட்டே ஒரு லெவலுக்கு சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும்னு சொல்றாங்க, அதுல 200 வீடியோ பாத்தே போச்சுன்னா கணக்கு போட்டு பழக மிச்சம் என்ன இருக்கு? அங்க ஒரு சார் குவான்ட் (புள்ளியியல் மாதிரி கணக்கு பாடம்) அருமையா நடத்துனாரு, பொய் சொல்லக்கூடாது, ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங் எனக்கு புரிஞ்சதே அவராலதான். ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் வந்ததும் வேற ஒருத்தர், ஸ்லைட அப்படியே வாசிச்சாரு. வாசிக்க எனக்கு தெரியாதா. வேலைக்கு போயிட்டு நைட்டு ரெண்டு மணி நேரம் கெடைக்கிற ஆளுக்கு முழு பேக்கேஜ் தேவையே இல்ல, இடிக்கிற சேப்டருக்கு மட்டும் வீடியோ பாத்தா போதும்.

இப்ப எது வேலைக்கு ஆச்சுன்னா, எக்ஸாம் ஃபீஸோட சேந்தே வர்ற இன்ஸ்டிட்யூட் போர்ட்டல். தனியா காசு குடுக்கலயேன்னு முதல் தடவை நான் அத சீண்டவே இல்ல, ஓசில வந்தா என்ன பெருசா இருக்கப்போவுதுன்னு ஒரு எளக்காரம். கேள்வி எழுதுறவங்களோட சொந்த பிராக்டிஸ் கேள்வி அங்கதான் இருக்கு, அந்த வார்த்தை, அந்த இழுவை, 'கீழ்க்கண்டதில் மிகவும் பொருத்தமானது எது'ன்னு மூணு ஆப்ஷனையும் கிட்டத்தட்ட சரியா வெக்கிற குசும்பு, அது அங்க பழகுனாத்தான் வரும்.

ஒரு உதாரணம். நான் பி.காம், அதனால கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்ல நமக்கு தெரியாததான்னு ஒரு திமிரு. நம்ம இன்ட் ஏஎஸ் 7 (இந்திய கணக்கு விதி) படி சாதாரண கம்பெனி கட்டுன வட்டி ஃபைனான்சிங்ல (கடன், மூலதனம் சம்பந்தப்பட்ட பகுதி) போகும், கை தானா அங்கதான் போகுது. இந்த பாடத்துல யுஎஸ் காப்-னா (அமெரிக்க கணக்கு விதி) ஆபரேட்டிங் (அன்றாட தொழில் பகுதி), ஐஎஃப்ஆர்எஸ்-னா (சர்வதேச விதி) ஆபரேட்டிங்லயும் போடலாம் ஃபைனான்சிங்லயும் போடலாம். நோட்ஸ்ல இது ஒரு வரி, படிச்சேன், புரிஞ்சுது, மறந்தேன். போர்ட்டல்ல இதே விஷயத்த மூணு விதமா திருப்பி கேட்டு மூணுலயும் நான் அடி வாங்குனப்பறம்தான் மண்டைல ஏறுச்சு. தப்பான ஆப்ஷன் ஏன் தப்புன்னும் விளக்கம் இருக்கு, அதுதான் எனக்கு பாடமே. குறைன்னா, போர்ட்டல்ல இருக்குற பாட வாசகம் ரொம்ப நீளம், ஃபிக்ஸட் இன்கம் (பாண்டு பாடம்) எல்லாம் முழுசா படிக்கணும்னா தூக்கம்தான் வரும்.

அதுக்குத்தான் நோட்ஸ். ரெண்டாவது தடவை கப்ளான் ஷ்வேசர் நோட்ஸ் மட்டும், பரீட்சை எழுதுற வருஷத்து எடிஷனா வாங்குனேன், பெரிய பேக்கேஜ் இல்ல. சுருக்கமா இருக்கு, டெரிவேடிவ்ஸ் மாதிரி சேப்டருக்கு முதல் ரீடிங் அதுல முடிச்சிட்டு நேரா போர்ட்டல் கேள்விக்கு போயிட்டேன். எந்த கம்பெனி நோட்ஸா இருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு, சுருக்கத்த படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். எத்திக்ஸுக்கு மட்டும் நோட்ஸ் வேணாம், போர்ட்டல்ல இருக்குற ஒரிஜினல் பாடத்தோட உதாரணக் கதைய ஒண்ணு விடாம படிங்க.

கால்குலேட்டர பத்தி யாரும் சொல்றதில்ல. ரெண்டு வகைக்குத்தான் அனுமதி, டெக்சாஸ் பிஏ டூ ப்ளஸ் இல்லாட்டி ஹெச்பி 12சி. நான் டெக்சாஸ். ஒரு நாள் ஆன்யூட்டி டியூ (காலத்தோட ஆரம்பத்துலயே கட்டுற தவணை) கணக்குக்கு பிகின் மோடுக்கு மாத்திட்டு அப்படியே விட்டுட்டேன். மறுநாள் ஒரு பாண்டு, ஃபேஸ் வேல்யூ 1000, 5 வருஷம், கூப்பன் (வருஷ வட்டி) 6 சதவீதம், யீல்டு (சந்தை எதிர்பாக்குற வருமானம்) 8, விலை கண்டுபிடிக்கணும். எனக்கு 939.31 வருது. ஆப்ஷன்லயும் 939.31 இருக்கு! டிக் அடிச்சிட்டு கெத்தா அடுத்ததுக்கு போயிட்டேன். சரியான விடை 920.15, பாண்டு வட்டி வருஷக் கடைசில வரும், என் மெஷின் ஆரம்பத்துலயே வந்ததா கணக்கு போட்டுருக்கு. அந்த தப்ப நாம பண்ணுவோம்னு தெரிஞ்சே அந்த ஆப்ஷன வெச்சிருக்காங்க. ஸ்க்ரீன் மேல குட்டியா பிஜிஎன்-னு எழுத்து தெரியும், நான் பாக்கல. அதனால மெஷின முதல் நாளே வாங்கி, கூடவே வெச்சு பழகுங்க, கடைசி மாசம் வாங்குறவங்கள பாத்தா எனக்கு பயமா இருக்கு. டெசிமல் ரெண்டுன்னு செட் ஆகி வரும், குறைஞ்சது நாலுக்கு மாத்திக்கோங்க.

மாக் டெஸ்ட்டும் (மாதிரி பரீட்சை) போர்ட்டல்ல இருக்கு. மொத்தம் 180 கேள்வி, 90-90ஆ ரெண்டு செஷன், ஒவ்வொண்ணும் ரெண்டேகால் மணி நேரம், அதாவது கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒண்ணையும் வெறுமன விடாதீங்க. முதல் மாக்க நான் சோபால படுத்துட்டே பிச்சு பிச்சு எழுதுனேன், நல்ல மார்க், ஆனா ஒரு பிரயோஜனமும் இல்ல. ரெண்டாவத ஞாயித்துக்கிழமை காலைல மொபைல அம்மாகிட்ட குடுத்துட்டு ஒரே மூச்சா எழுதுனேன், ரெண்டாவது செஷன்ல கடைசி இருபது கேள்விக்கு கண்ணு எரிஞ்சுது.

இன்னொண்ணு, பிராக்டிகல் ஸ்கில்ஸ் மாட்யூல்னு ஒண்ணு இருக்கு, மார்க்குல சேராது, ஆனா முடிக்கலன்னா ரிசல்ட் கைக்கு வராது. நான் பைதான் எடுத்தேன், கொஞ்சம் இழுக்கும், எக்ஸாமுக்கு முந்தின வாரத்துக்கு தள்ளி வெக்காதீங்க.

போர்ட்டலுக்கு அஞ்சுக்கு நாலரை, நோட்ஸுக்கு மூணரை, வீக்எண்ட் கிளாஸுக்கு ரெண்டு, அதுவும் குவான்ட் சாருக்காக. அந்த 2023 செட்ட பாதி விலைக்கு கேட்டு ஒரு தம்பி மெசேஜ் பண்ணிருக்கான், வேணாம்டா தம்பின்னு சொல்லிட்டேன்.