1,850 ரூபாய்க்கு ‘ஃபுல் ஆக்சஸ்’ பேட்டில்ஃபீல்ட் 6: யாரும் வாங்கிவிடாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘சரி, போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவேன். கேம் அக்கவுண்ட் விற்று ஏமாற்றும் ஆட்களும் அதை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். பேட்டில்ஃபீல்ட் 6 என்ற போர் வீடியோ கேம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது என்று எங்கேயாவது பார்த்துவிட்டு யூபிஐ ஆப்பைத் திறக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள். என்ன நடந்தது, எப்படி நம்ப வைக்கிறார்கள், வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பெரிய கேமர் எல்லாம் இல்லை. கல்லூரிக் காலத்தில் பிரௌசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறை. இப்போது குழந்தை தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். பழைய பேட்டில்ஃபீல்ட் 3, 4 இரண்டும் எனக்கு உயிர். 2021-இல் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 2042’ எரிச்சலைக் கிளப்பியதால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். 2025 ஆகஸ்டில் 6-ஆம் பாகத்தின் ஓப்பன் பீட்டாவை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) இரண்டு வார இறுதிகளுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் ஸ்டோரில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அதை ஆட வைப்பதே தனிக் கதை. கேமில் குறுக்கு வழியில் ஜெயிக்கும் ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க, செக்யூர் பூட் என்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு வசதி கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் அது அணைந்து கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையிலிருந்து ஜிபிடிக்கு மாற்றி, பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்குக்குள் போய் அதை ஆன் செய்து, விண்டோஸ் திரும்ப எழுந்து வருமா என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்ததில் ஒரு சனிக்கிழமை போய்விட்டது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கத்தான் இத்தனை பாடும். அதே கேமை வைத்து வேறு வகை ஏமாற்றுக்காரன் என்னிடம் 1,850 ரூபாயைக் கறந்துவிட்டான், பாருங்கள்.

ஆனால் கேம் பிடித்துவிட்டது. கெய்ரோ வரைபடத்தில் ஒரு தெருமுனையில் டேங்க் வந்து நிற்கிறது. கேமில் நான் எஞ்சினியர் பாத்திரம், தோளில் ராக்கெட் லாஞ்சர். மறைந்திருந்த சுவர் ஒரே குண்டில் சிதறி, நான் வெட்டவெளியில் நிற்கிறேன். செத்து விழுந்ததும், யாரென்றே தெரியாத ஒருவன் என்னைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்க் கட்டடத்துக்குள் வைத்து எழுப்பிவிட்டான். விழுந்தவனை இழுத்துக்கொண்டே உயிர் கொடுக்கும் அந்த ஒரு விஷயத்துக்கே காசு கொடுக்கலாம் என்று தோன்றியது. துப்பாக்கிச் சத்தம் அருமை. லிபரேஷன் பீக் மலை வரைபடத்தில் ஸ்னைப்பர்கள் தொல்லை தாங்காது. மெனு ஒரே குழப்பம், எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடியே பாதி நேரம் போகும். அதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

அக்டோபர் 10 கேம் வெளியானது. முழு விலை எனக்குக் கொஞ்சம் கனம். தீபாவளிச் செலவு வேறு. கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று இருந்தேன். மாதக் கடைசியில் ரெட்செக் என்று ஒரு இலவச பேட்டில் ராயல் (கடைசிவரை பிழைத்திருப்பவர் ஜெயிக்கும் ஆட்டம்) விட்டார்கள். ‘அதை ஆடுடா, சும்மாதானே’ என்றார்கள் நண்பர்கள். எனக்கு வேண்டியது கான்க்வெஸ்ட். இரண்டு பக்கமும் 32 பேர், கொடி பிடிக்கிற அந்தப் பழைய ஆட்டம். அதற்கு முழு கேமும் வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் இருப்பார்கள். வகை மட்டும் சொல்கிறேன்: கேம் அக்கவுண்ட் விற்கும் சமூக வலைதளப் பக்கம். ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்கள். ‘ப்ரூஃப்’ என்று தனியாக அடுக்கி வைத்த ஸ்கிரீன்ஷாட்டுகள், ‘தேங்க்ஸ் ப்ரோ, டிரஸ்டட் செல்லர்’ என்று வரிசையாக நன்றிகள். பேட்டில்ஃபீல்ட் 6 இருக்கும் ஸ்டீம் அக்கவுண்ட், ஃபுல் ஆக்சஸ், 1,850 ரூபாய்.

நான் சும்மா போய் விழுந்துவிடவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டேன். ‘ஷேர்டு அக்கவுண்டா?’ என்றேன். ‘இல்லீங்ணா, உங்களுக்கு மட்டும்தான், மெயிலும் நீங்களே மாத்திக்கலாம்’ என்று பதில் வந்தது. வீடியோ கேட்டேன். நோட்பேடில் என் பெயரையும் அன்றைய தேதியையும் டைப் செய்து, பக்கத்திலேயே அக்கவுண்டில் உள்ள கேம்களின் பட்டியலைத் திறந்து காட்டி, ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்து அனுப்பினான். போன் பண்ணலாமா என்றதும் உடனே அவனே அழைத்தான். இருபது வயதுக் குரல், சுத்தமான கொங்குத் தமிழ். ‘நானும் ஈரோட்டுப் பக்கந்தாங்ணா. நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்திட்டு நான் எங்கீங்ணா போவேன்?’ என்றான்.

அப்புறம் ஒன்று சொன்னான் பாருங்கள், அதில்தான் என் சந்தேகமெல்லாம் போனது. ‘அண்ணா, பூரா பணத்தையும் இப்பப் போடாதீங்க. 950 போடுங்க. நான் பாஸ்வேர்ட் தர்றேன், நீங்க மெயில், போன் நம்பர், பாஸ்வேர்ட் எல்லாம் உங்க பேருக்கு மாத்திக்குங்க. மாத்தி, கேமும் ஓடுதுன்னு பார்த்த பிறகு மீதி 900 போடுங்க.’ ஏமாற்ற நினைப்பவன் இப்படிச் சொல்வானா? பாதிப் பணம் என் கையில், அக்கவுண்ட் முழுசும் என் கையில். ஓடிப்போவதாக இருந்தால் நான்தான் ஓட வேண்டும். அவனும் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னான்: ‘நாந்தாங்ணா உங்களை நம்பறேன்.’

பணம் போடும்போது யூபிஐயில் ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டேன். ‘அக்கா அக்கவுண்ட்டுங்ணா, எனக்கு லிமிட் முடிஞ்சுருச்சு.’ சரி என்று 950. மெயில் மாற்றினேன், பாஸ்வேர்ட் மாற்றினேன், உள்ளே நுழையக் கேட்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) பாதுகாப்புக் குறியீடும் என் போனுக்கு வந்தது. கேம் இறங்கியது, ஓடியது. சொன்ன வாக்குப்படி மீதி 900-ஐ அப்போதே போட்டுவிட்டேன். மொத்தம் 1,850.

ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. எஞ்சினியரை மெல்ல லெவல் ஏற்றினேன். பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சனிக்கிழமை இரவு மூன்று பேரும் ஸ்குவாடாக இறங்குவதாகப் பேச்சு. உள்ளே போனால் பாஸ்வேர்ட் தவறு என்கிறது. போனில் வரும் குறியீட்டைப் போட்டால் அதுவும் செல்லாது. மெயிலைப் பார்த்தால், அக்கவுண்டின் மெயில் முகவரி மாற்றப்பட்டதாக மத்தியானமே தகவல் வந்து கிடக்கிறது.

இதுதான் வித்தை, நன்றாகக் கவனியுங்கள். ஸ்டீம் அக்கவுண்டில் மெயில், போன், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் நீங்கள் மாற்றினாலும், முதலில் அதில் கேம் வாங்கியவனிடம் பணம் கட்டிய ஆதாரம் இருக்கும். ‘என் அக்கவுண்டை யாரோ திருடிவிட்டார்கள்’ என்று அந்த ஆதாரத்தை சப்போர்ட்டுக்குக் காட்டினால், அக்கவுண்ட் அவன் கைக்குத் திரும்பிவிடும். திருட்டுக் கொடுத்தவர்களைக் காப்பாற்ற வைத்திருக்கும் வழி அது. அதைத்தான் இவன் தொழிலாக வைத்திருக்கிறான். அக்கவுண்டை விற்பதும் வாங்குவதும் ஸ்டீம் விதியிலேயே கூடாது. அதனால் நான் போய் ‘காசு கொடுத்து வாங்கினேன்’ என்று அங்கே சொல்லவும் முடியாது. பேட்டில்ஃபீல்ட் ஓட, கேமை வெளியிடும் ஈஏ நிறுவனத்தின் அக்கவுண்ட் ஒன்றும் பின்னால் இணைந்திருக்க வேண்டும். அதன் மெயிலை அவன் கடைசிவரை தரவே இல்லை. ‘அது தேவையில்லீங்ணா, தானா லிங்க் ஆகியிருக்கும்’ என்றான்.

மெசேஜ் போட்டேன். முதல் பதில்: ‘ஸ்டீம் சர்வர் இஷ்யூ ப்ரோ, 24 ஹவர்ஸ் வெயிட் பண்ணுங்க.’ ‘அண்ணா’ அதற்குள் ‘ப்ரோ’ ஆகிவிட்டது. ஒரு நாள் கழித்து: ‘அட்மின்கிட்ட சொல்லியிருக்கேன்.’ அட்மின் யார்? அதுவரை அவன் ஒருவன்தான் எல்லாம். அப்புறம் பழி என் மேல் திரும்பியது: ‘நீங்க ஏதாவது சீட் யூஸ் பண்ணீங்களா? அதான் லாக் ஆகியிருக்கும்.’ ஒரு மேட்சில் பத்து கில் தாண்டினாலே வீட்டில் எழுப்பிச் சொல்கிற ஆள் நான், நான் சீட் (குறுக்கு வழியில் ஜெயிக்க வைக்கும் மென்பொருள்) போட்டேனாம். அடுத்தது: ‘ரீப்ளேஸ்மென்ட் அக்கவுண்ட் தர்றோம், 600 மட்டும் எக்ஸ்ட்ரா.’ 1,850-ஐத் தின்றது போதாதாம். முடியாது, பணத்தைத் திருப்பு என்றேன். ‘நோ ரீஃபண்ட் பாலிசி, பயோல போட்டிருக்கு, படிக்கலையா?’ என்றான். போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. நான் வாங்கிய அன்று அது இல்லை. அடுத்த மெசேஜ் போய்ச் சேரவில்லை, பிளாக்.

போன் செய்தால் எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து செய்தால் எடுத்தான். என் குரல் கேட்டதும் ‘ராங் நம்பர்’ என்றான். அதே கொங்குத் தமிழில்.

வங்கியின் கஸ்டமர் கேரில் கால் மணி நேரம் பாட்டுக் கேட்டபின் ஒருவர் வந்தார். ‘நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க சார், இது ஃபிராட்ல வராது’ என்றார். ஏமாற்றி வாங்கினால் அது ஃபிராட் இல்லையா என்று கேட்டேன். ‘உங்க கம்ப்ளைன்ட்டை ரைஸ் பண்றேன் சார், வேற எதாவது உதவி வேணுமா?’ என்ன உதவி வேண்டும்! சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தேன். பதிவு எண் வந்திருக்கிறது. விவரம் விசாரித்தவர், ‘கேமுக்கா சார் 1,850 குடுத்தீங்க?’ என்று கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் ‘கேமுக்கா’ இருக்கிறதே, அது இன்னும் காதில் கேட்கிறது. 1,850 ரூபாய்க்கு மளிகை வாங்கி ஏமாந்திருந்தால் இப்படிக் கேட்பார்களா?

என்னைக் கொதிக்க வைத்தது இதெல்லாம் இல்லை. அந்தப் பக்கத்தின் பழைய பதிவு ஒன்றின் கீழே, அழிக்க மறந்த ஒரு கமெண்ட் இருந்தது: ‘அக்கவுண்ட் போச்சு, ரிப்ளை பண்ணுங்க.’ எழுதியவருக்கு மெசேஜ் போட்டேன். மதுரையில் படிக்கும் பையன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதே அக்கவுண்ட் பெயர், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அவனிடமும் அதே பாதிப் பேரம், அதே நோட்பேட் வீடியோ, அதே ‘நம்ம ஊர்’ (அவனிடம் தேனிப் பக்கமாம், வேறு குரல்). அவனுக்கு அக்கவுண்ட் போன தேதி என்னவென்றால், நான் வாங்கியதற்கு முந்தின நாள். அதாவது அவனிடமிருந்து பிடுங்கியதைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள். என்னிடமிருந்து பிடுங்கியதை இந்நேரம் யாரோ எஞ்சினியர் லெவலோடு ஆடிக்கொண்டிருப்பார். அவரும் மெயிலை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார். ஒரே ஒரு தடவை கேமை வாங்கிவிட்டு, தலைக்கு 1,850 என்று வசூல். அந்தப் பையன் கொடுத்தது செமஸ்டர் மெஸ் பணத்தில் மிச்சம் பிடித்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். நேரம் ஆகிவிட்டது, கையும் நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கவுண்ட் என்ற பெயரில் எதையும் வாங்காதீர்கள், ‘ஃபுல் ஆக்சஸ்’ என்று ஒன்று கிடையாது. உங்கள் சொந்த அக்கவுண்டில், ஸ்டோரிலேயே வாங்குங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எந்த ‘நம்ம ஊர்க்காரனும்’ அந்த வசதியைத் தர மாட்டான். பணம் போகிற பெயரும் பேசுகிற ஆளின் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930. நான் அவன் சொன்ன 24 மணி நேரத்தைக் காத்துக் கெடுத்தேன்.

இப்படி வாங்கிய அக்கவுண்டில் இந்த நிமிடம் ஆடிக்கொண்டிருப்பவர்கள், அதில் உங்கள் கார்டு விவரம் சேமித்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே காசு போட்டு ஸ்கின் (பாத்திரம், துப்பாக்கிக்கான அலங்காரத் தோற்றம்) எதுவும் வாங்காதீர்கள். அந்தப் பாஸ்வேர்டையே வேறு எங்கேயாவது பயன்படுத்தியிருந்தால் அதையும் இன்றைக்கே மாற்றுங்கள்.